நாலு பேர் இருந்தால்தான் தமிழ் வகுப்பு

ஈசூனில் என் வகுப்பறை, காலணி அலமாரிக்கும் கை கழுவும் குழாய்க்கும் நடுவில் இருந்தது. வகுப்பறை என்று நான்தான் சொல்லிக்கொள்வேன். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இயங்கிய அந்தத் தனியார் பாலர் பள்ளியில் காலை பத்து மணிக்குத் தாய்மொழி நேரம். சீனப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டே பெரிய அறைக்குப் போவார்கள். மலாய்ப் பிள்ளைகள் ஓவிய அறைக்குப் போவார்கள். நான் ஒரு மடக்கு மேசையையும் நாலைந்து குட்டி நாற்காலிகளையும் இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போவேன். தாமதமாக வருகிற பிள்ளைகள் எங்கள் தலைக்கு மேலே கை நீட்டிச் செருப்பை வைப்பார்கள். நான் அணில் படத்தைத் தூக்கிக் காட்டும் நேரம் பார்த்து அணிலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் யாரோ ஒரு அப்பாவின் கால்சட்டை வந்து நிற்கும்.

மலாய்ப் பிள்ளைகளும் கொஞ்சப் பேர்தான். ஆனால் மலாய் டீச்சர் அங்கேயே முழுநேரம் இருப்பவர். நான் வந்து போகிறவள். ஒரே இடத்தில் நாள் முழுக்க வேலை கொடுக்கிற அளவுக்குத் தமிழ்ப் பிள்ளைகள் இருப்பதில்லை என்பதால் என்னைப் போன்ற தமிழாசிரியைகள் வாரம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருப்போம். தேக்கா பக்கத்தில் என் வீடு. காலையில் எம்ஆர்டி ரயில் பிடித்து ஈசூன், மதியம் சிராங்கூனில் ஒரு பாலர் நிலையம், வியாழன் வெள்ளியில் இன்னும் இரண்டு. பிள்ளைகள் வரைந்த படத்தை மாட்டுவதற்கு நாலு இடத்தில் ஓர் இடத்திலாவது எனக்கென்று ஒரு ஆணி உண்டா என்றால் கிடையாது.

ஈசூன் பாலர் நிலையத்தில் ஒரு விதி இருந்தது. நாலு பேர் இருந்தால் தமிழ் உண்டு. மூன்று பேரானால் கிடையாது, அந்த மூவரும் சீன வகுப்பில் போய் உட்காரவேண்டியதுதான். எனவே ஆண்டுக் கடைசியில் மற்ற டீச்சர்கள் எல்லாம் விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போது நான் தலை எண்ணிக்கொண்டிருப்பேன். யார் வீடு மாறுகிறார்கள், யார் தொடக்கப்பள்ளிக்குப் போகிறார்கள், யார் வீட்டில் மூன்று வயதுத் தம்பி இருக்கிறான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

இதற்கெல்லாம் நான் மூக்கால் அழுததே இல்லை. மதுரைக்காரியின் அறையைப் பார்த்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

மதுரைக்காரி என்று நான் மனதுக்குள் கூப்பிடும் அந்தப் பெண், பாலர் கல்வி டிப்ளோமா படித்த காலத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி. கல்யாணமாகி இங்கே வந்த புதிது. பிள்ளைகளைக் கவனித்து ஆங்கிலத்தில் குறிப்பு எழுதச் சொன்னால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும் அவளுக்கு. நான்தான் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவள் நான், எனக்கு அது பெரிய விஷயமில்லை. மின்படியில் எந்தப் பக்கம் நிற்பது, கோப்பிக்கடையில் பால் இல்லாத தேநீரை எப்படிக் கேட்பது, எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. இன்றைக்கு அவள் வாயில் வாக்கியக் கடைசியில் சரளமாக வருகிறதே ஒரு 'லா', அதுகூட என் உபயம்தான்.

சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த தொடக்கப்பள்ளி வளாகத்துக்குள் அரசாங்கப் பாலர் பள்ளி ஒன்று திறந்தார்கள். தமிழாசிரியை வேலைக்கு இரண்டு பேருமே விண்ணப்பம் போட்டோம். நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். விளையாட்டு மூலமாகத் தமிழை எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். பத்து வருட அனுபவத் திமிரில், "முதல்ல பிள்ளைங்க ஒழுங்கா உக்காரணும்" என்று ஆரம்பித்தேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் குனிந்து ஏதோ எழுதினார்கள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வேலை அவளுக்குக் கிடைத்தது. "கங்கிராட்ஸ்மா" என்று செய்தி அனுப்பிவிட்டு அன்றைக்கு முழுவதும் வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன்.

அந்தப் பள்ளியில் பெற்றோர்களுக்காகக் கதவு திறந்து காட்டும் நாள் ஒன்று வைத்தார்கள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அண்ணன் மகளுக்காகப் பார்க்க வந்தேன் என்று வாசலில் பதிந்தேன். என் அண்ணன் மகள் அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த அறைக்குக் கதவு இருந்தது. கதவில் 'தமிழ் வகுப்பு' என்று பிள்ளைகளின் கையச்சுகளாலேயே செய்த பலகை. உள்ளே பிள்ளைகள் உயரத்துக்கே ஒரு குழாய். ஒரு மூலையில் தேக்கா மார்க்கெட்டையே குட்டியாக்கி வைத்திருந்தாள். நிஜத் தராசு, அட்டையில் செய்த கத்தரிக்காய், காகித மல்லிகைச் சரம். ஒரு வாண்டு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, "என்னம்மா வேணும்? கீரை இன்னைக்கு ஃப்ரெஷ்ஷு" என்று என்னையே கேட்டது. பதினெட்டுப் பிள்ளைகள், எல்லாம் தமிழ். கூட ஓர் உதவி ஆசிரியை வேறு. இருக்கிற எல்லாருக்கும் உட்கார இடம் இருந்தது, ஓட இடம் இருந்தது, யார் செருப்பும் யார் தலை மேலும் இல்லை. சுவர் முழுக்கப் பிள்ளைகள் வரைந்த படங்கள். நான் ஆணிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா! வாங்கக்கா, வாங்க! நீங்க வருவீங்கன்னு நெனைக்கவே இல்ல" என்று ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே நின்ற பெற்றோரிடம், "இவங்கதான் எனக்கு எல்லாம் கத்துக் குடுத்தவங்க" என்றாள். பாசாங்கு இல்லை, நிஜமாகவே சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் கொஞ்சம் அலட்டிக்கொண்டிருந்தால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். "ரூம் நல்லாருக்குமா" என்று சொல்லிவிட்டு, அவள் நீட்டிய கேசரியைக்கூடச் சாப்பிடாமல் வந்துவிட்டேன். எம்ஆர்டி டோபி காட் நிலையத்துக்கு வந்தது. அங்கே ரயில் மாற வேண்டும். மாறாமல் இரண்டு நிலையம் தள்ளிப் போய் இறங்கித் திரும்பி வந்தேன்.

அந்த வருடம் எனக்கு ஈசூனில் சரியாக நாலு பிள்ளைகள். அவர்களில் ஒருத்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். நாலு வயது, ரெட்டைப் பின்னல், உள்ளங்கை அளவு முகம். குட்டி என்றுதான் கூப்பிடுவேன். சேர்ந்து மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. தமிழில் கேட்டாலும் தலையாட்டல், ஆங்கிலத்தில் கேட்டாலும் தலையாட்டல். அம்மா ஒரு பல் மருத்துவ கிளினிக்கில் முகப்பில் வேலை பார்த்தாள், அப்பா பேருந்து ஓட்டுநர். இரண்டு பேருக்கும் கவலை. ஒருநாள் பாடத்துக்கு நடுவில் வாசல் வழியாக ஒரு புறா உள்ளே வந்து அலமாரிப் பக்கம் நடந்தது. குட்டி எழுந்து நின்று, "புறா, உன் செருப்பு எங்க?" என்று கேட்டாள். தமிழில், முழு வாக்கியம். நான் அவளை அப்படியே தூக்கிக்கொண்டேன். அன்று சாயங்காலம் அவள் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்தான் கேட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் சொன்னால் சொன்னதுதான்.

நவம்பர் மாதம், பள்ளி முடியப்போகிற நேரம். குட்டியை அழைத்துப்போக வந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"டீச்சர், ஒரு விஷயம் கேக்கணும். எதிர்ல இருக்குற கவர்மெண்ட் கிண்டர்கார்டன்ல வெயிட்டிங் லிஸ்ட்ல போட்டிருந்தோம். இப்ப இடம் வந்திருச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம். அவருக்கு ரொம்ப ஆசை. அங்க படிச்சா அதே பிரைமரி ஸ்கூல்ல சேர முன்னுரிமை இருக்காமே. எனக்குத்தான் பயமா இருக்கு. இவ இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கா. நீங்க என்ன சொல்றீங்க?"

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஓடுங்கள், இன்றைக்கே போய்ச் சரி என்று சொல்லுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். காகித மல்லிகையும் தராசும் என் கண் முன்னால் நின்றன. குட்டி அந்தத் தராசுக்குப் பின்னால் நின்று பேசுவதைப் பார்த்தேன். அவளை அப்படிப் பேசவைத்தவள் என்று மதுரைக்காரியை எல்லாரும் மெச்சுவதைப் பார்த்தேன். நான் மூன்று மாதம் தவமிருந்து வாங்கின பேச்சு அது! அவளுக்கு ஏற்கெனவே பதினெட்டு இருக்கிறது, பத்தொன்பதாவது எதற்கு? எனக்கோ ஒன்று போனால் மொத்தமும் போச்சு.

"எனக்கென்னம்மா, நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றுதான் ஆரம்பித்தேன். நல்லவளாக இருக்கிறேன் என்று காட்டிக்கொண்டேன். "ஆனா அங்க கூட்டம் ஜாஸ்தி. ஒரு ஆளு எத்தனை பிள்ளைய சமாளிப்பாங்க? வாயுள்ள பிள்ளைங்க பேசிக்கிட்டே இருக்கும். நம்ம குட்டி மாதிரி பிள்ளைங்க ஓரமா உக்காந்துடும். திரும்பவும் வாய மூடிட்டா அப்புறம் திறக்க வைக்கிறது கஷ்டம். இங்க நாலே பேர். நான் மடியில வச்சு சொல்லித் தர்றேன்."

உதவி ஆசிரியையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அந்த அறையை என் கண்ணால் பார்த்தேன் என்றும் சொல்லவில்லை. தனித்தனியாக எடுத்தால் நான் சொன்னது எதுவும் பச்சைப் பொய் இல்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவள் முகம் தெளிந்தது. "நீங்க சொன்னா சரிதான் டீச்சர். அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். வெள்ளிக்கிழமை அவளே வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். என் கையில் ஒரு டப்பா மைசூர்பாகு வேறு.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. தேக்காவில் இறங்கி இரண்டு உளுந்து வடை வாங்கி நின்றுகொண்டே தின்றேன். வீட்டில் எல்லாரிடமும் அன்பாகப் பேசினேன். என்ன விசேஷம் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அடுத்த வாரம் மதுரைக்காரியிடமிருந்து போன். பெயரைப் பார்த்துவிட்டு நாலைந்து தடவை அடிக்க விட்டேன். எடுத்தேன்.

"அக்கா, ஒரு கதை கேளுங்க. எங்க ஸ்கூல்ல ஒரு பிள்ளைக்கு இடம் குடுத்தாங்க, வேணாம்னுட்டாங்களாம். ஆபீஸ்ல காரணம் கேட்டதுக்கு, எங்க சென்டர்ல ஒரு தமிழ் டீச்சர் இருக்காங்க, அவங்கள விட்டுட்டு வர மனசில்லன்னு அந்தம்மா சொல்லியிருக்காங்க. எந்த சென்டர்னு பாத்தா உங்க சென்டரு!"

"அப்படியா?" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"குடுத்து வச்சவங்கக்கா நீங்க. எங்கிட்ட இத்தனை பிள்ளைங்க இருக்கு. ஒரு அம்மா வந்து இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல. எல்லாரும் ஸ்கூலுக்காக வர்றாங்க, எனக்காக யாரு வர்றா? பொறாமையா இருக்குக்கா, நிஜமா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

பொறாமையை இப்படிச் சிரித்துக்கொண்டே வெளியே சொல்ல முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படவேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்! கிடைத்தது, ஆனால் திருடிய பொருளை யாரோ அழகாக இருக்கிறது என்று பாராட்டின மாதிரி இருந்தது. "அடுப்புல பால் வச்சிருக்கேன்மா" என்று போனை வைத்துவிட்டேன்.

ஜனவரி ஒழுங்காகப் போயிற்று. குட்டிக்காக நான் உயிரைக் கொடுத்தேன், அதில் மட்டும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. வீட்டில் அட்டையை வெட்டி ஒரு குட்டி மார்க்கெட் செய்து மடக்கு மேசை மேல் வைத்தேன். ஆமாம், அவளைப் பார்த்து அடித்த காப்பிதான். ஒரு நாள் மழைச்சாரலில் நனைந்து ஊறிப் போயிற்று. திரும்பச் செய்தேன்.

மார்ச் மாதம், என் நாலு பேரில் ஒருவனின் அப்பா வந்து சிரித்த முகத்தோடு கைகொடுத்தார். பொங்கோலில் பல வருடமாகக் காத்திருந்த புது வீட்டின் சாவி கைக்கு வந்துவிட்டதாம். பையனை அங்கேயே சேர்க்கப்போகிறார்களாம். அவர் என்னமோ லட்டு கொடுத்தார். அதைத் தின்னாமல் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மூன்று பேர் ஆகிவிட்டார்கள். நிலையத் தலைமையாசிரியை ஒரு சீனப் பெண்மணி, கெட்டவர் இல்லை. ஜூன் விடுமுறைவரை அவகாசம் தருகிறேன், அதற்குள் ஒரு பிள்ளையைத் தேடுங்கள் என்றார். அதற்கு மேல் "கேன் நாட் லா" என்று கையை விரித்தார்.

தேடினேன். சுற்றி இருக்கிற புளோக்குகளில் மின்தூக்கி வாசலில் நின்று ஸ்ட்ரோலர் தள்ளும் அம்மாக்களை மறித்தேன். நிலையத்திலேயே சீன வகுப்பில் ஒரு தெலுங்குப் பையன் இருந்தான். அவன் அம்மாவிடம் கெஞ்சினேன். "சாரி டீச்சர். வீட்டுல தெலுங்கு, வெளிய இங்கிலீஷ். மூணாவதா ஒண்ணு படிக்கணும்னா மாண்டரினே படிக்கட்டும், பின்னால யூஸ் ஆகும்" என்றாள். அவளைச் சொல்லி என்ன? வகுப்புக்கு ஆள் சேர்ப்பதற்காகத்தான் அவள் பிள்ளையைக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியாதா?

மே கடைசியில் வெட்கத்தை விட்டு மதுரைக்காரிக்குப் போன் போட்டேன். "உங்க ஸ்கூல்ல இடம் எதுவும் இருக்காமா? என் பிள்ளை ஒண்ணு இருக்கு, கே ஒன், அஞ்சு வயசு."

"அந்த நவம்பர் பிள்ளையாக்கா? ஐயோ, அந்த இடம் அன்னைக்கே போயிடுச்சு. இப்ப லிஸ்ட்ல நெறைய பேரு நிக்கிறாங்க. திரும்பக் கடைசியில இருந்துதான் வரணும்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஏன்க்கா, உங்க கிளாஸ் என்னாச்சு?" என்று கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல, வகுப்பு மூடுவதை மட்டும்.

ஜூனில் என் வகுப்பை மூடினார்கள். கடைசி நாளில் குட்டி என்னிடம், "டீச்சர் நாளைக்கு வருவீங்களா?" என்று கேட்டாள். "இல்லடா, இனிமே நீ பெரிய ரூமுக்குப் போவ" என்றேன். அவள் அம்மா அழவில்லை, என்னைத்தான் தேற்றினாள். "உங்க மேல என்ன தப்பு டீச்சர்? நம்ம ஆளுங்க பிள்ளைங்க இல்ல, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று என் தோளைத் தட்டினாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். குனிந்து மடக்கு மேசையை மடக்கினேன்.

அக்டோபரில் மதுரைக்காரி மறுபடி கூப்பிட்டாள். அவர்கள் பள்ளியில் இன்னொரு தமிழாசிரியை வேலை வருகிறதாம். "அக்கா, நீங்க போடுங்க. நேர்முகத்துல என்ன கேப்பாங்கன்னு நான் சொல்றேன். நீங்க எனக்கு எவ்வளவு எழுதிக் குடுத்திருக்கீங்க!" என்றாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவள் விளக்குகிற அழகைப் பார்த்து அப்போதும் எனக்குப் புகைந்தது, இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்று. இந்தப் புத்தியை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? வேலை கிடைத்தது. ஜனவரியில் சேரவேண்டும்.

நவம்பரில் ஈசூன் நிலையத்தின் ஆண்டு விழா. குட்டியின் அம்மா செய்தி அனுப்பியிருந்தாள், அவள் பாடுகிறாள், கண்டிப்பாக வாருங்கள் என்று. ஒரு சனிக்கிழமைக் காலை, சமூக மன்ற அரங்கத்தில் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். போன வருடம் தமிழுக்கு இரண்டு நிமிடம் கொடுத்திருந்தார்கள். இந்த வருடம் நிகழ்ச்சி நிரலில் தமிழே இல்லை.

சீனப் பாட்டுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்து நின்றார்கள். நடுவில் குட்டி. சிவப்புச் சட்டை, அதே ரெட்டைப் பின்னல். ஒலிவாங்கியை அவள் கையில்தான் கொடுத்திருந்தார்கள். வாயைத் திறந்தாளே பார்க்கவேண்டும்! கூச்சம் இல்லை, தடுமாற்றம் இல்லை, கணீரென்று பாடினாள். அரங்கமே கைதட்டியது. மேடை ஓரத்தில் சீன டீச்சர் பூரித்துப்போய் நின்றாள். எனக்கு அந்தச் சீன டீச்சர் மேல் பொறாமை வந்தது. என் பிள்ளையின் வாயில் அவள் பாட்டு! பாட்டு முடிந்த பிறகும் என்னால் கைதட்ட முடியவில்லை.

விழா முடிந்து எல்லாரும் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குட்டியின் அம்மா என்னைக் கண்டுபிடித்து வந்தாள்.

"டீச்சர்! வந்துட்டீங்களா? எப்படிப் பாடுனா பாத்தீங்களா? வீட்டுலயும் இதேதான். நாங்க தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில் வருது, அதுதான் கவலை. சரி, அத விடுங்க. ஜனவரியில எதிர் ஸ்கூலுக்குப் போறீங்களாமே, கங்கிராட்ஸ் டீச்சர்!"

"ஆமாம்மா."

"இவள திரும்ப லிஸ்ட்ல போட்டிருக்கோம். நீங்க சொன்னா ஏதாவது…"

"அது ஆபீஸ்ல பாக்குறதும்மா. என் கையில ஒண்ணும் இல்ல."

"பரவால்ல லா, சும்மா கேட்டேன்." போகத் திரும்பியவள் நின்றாள். முகத்தில் உண்மையான கரிசனம். "டீச்சர், அங்க கூட்டம் ஜாஸ்தி, ஒரு ஆளு சமாளிக்க முடியாதுன்னு சொன்னீங்களே. உங்களுக்கு முதுகு வலி வேற. முடியுமா உங்களால?"

பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி நகர்ந்திருக்கலாம். அவள் அதையும் நம்பியிருப்பாள். அந்த நம்பிக்கைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அங்க கூட்டம் இல்லம்மா" என்றேன். "அன்னைக்கும் இல்ல. உதவிக்கு இன்னொரு டீச்சர் இருக்காங்க. நான் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துதான் உங்ககிட்ட அப்படிச் சொன்னேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "அப்புறம் ஏன் டீச்சர்?"

"குட்டி போயிட்டா என் வகுப்பு போயிடும். அது ஒண்ணு. அதவிட, அந்த டீச்சர்கிட்ட இவ போறது எனக்குப் பொறுக்கல. பொறாமைம்மா. வேற ஒண்ணும் இல்ல."

மேடையில் யாரோ நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. குரலை உயர்த்தக்கூட இல்லை.

"அவரு அன்னைக்கே சொன்னாரு டீச்சர்" என்றாள். "அவங்களுக்கு வகுப்பு நடத்த ஆள் வேணும், அதான் போக வேணாங்கிறாங்கன்னு. எங்க டீச்சரப் பத்தி அப்படிப் பேசாதீங்கன்னு நான்தான் சண்டை போட்டேன். ரெண்டு நாள் அவர்கூடப் பேசல."

சொல்லிவிட்டு, குட்டியின் தண்ணீர்ப் புட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலருகே நின்ற கணவரிடம் போனாள். அவர் அவளிடம் என்னவோ கேட்டார். அவள் ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். அவர் என் பக்கம் பார்த்து, எப்போதும் போல மரியாதையாக, வருகிறோம் டீச்சர் என்று கையை உயர்த்தினார்.